தந்தைக்குப் பதினைந்து விநாடி முன்னால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கேமராவைப் பற்றியோ இணைய வேகத்தைப் பற்றியோ எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற இந்த ஒன்றரை வருடத்தில் அதில் பாதி மாறியும் போயிருக்கும். எனக்குத் தெரிந்தது வேறு. பட்டனை அழுத்துவதா வேண்டாமா என்று ஒரு மூச்சு நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டிவரும்போது என்ன நடக்கிறது என்பது. அதை இரண்டு சம்பவங்களாகச் சொல்கிறேன். முதலாவது சின்னது. இரண்டாவதைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

துபாயில் மாமாவின் கேமராக் கடையில் ஆரம்பித்து, கல்யாண வீடியோ, அப்புறம் சாட்டிலைட் சேனல் ஒன்றின் விளையாட்டுப் பிரிவு என்று அலைந்து, கடைசியில்தான் கல்லூரி ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். வந்த புதிதில் எனக்கு இந்த வேலையில் மரியாதை இல்லை. சேனலில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்த ஆட்டங்களை ஓட்டியவன் நான். இங்கே திரையின் மூலையில் முப்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஓர் எண் நிற்கும்.

அப்படி ஒரு நாள், அஜ்மானில் கல்லூரி வாலிபால். கடைசி செட் நடக்கும்போது இணைப்பு அறுந்தது. பார்ப்பது முப்பது பேர்தானே என்று நான் அதைத் திரும்ப இணைக்கப் பாடுபடவில்லை. ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. ரியாத்தில் பத்தா கடைத்தெருப் பக்கம் போன் கடையில் வேலை பார்க்கும் ஒருவர். விளையாடுவது அவருடைய தம்பி. எங்கள் இணையப் பக்கத்தில் இருந்த நம்பரைப் பார்த்து அடித்திருக்கிறார்.

"சார், கட்டாயிடுச்சு. தம்பி டீம் ஜெயிச்சுதா?"

நான் கேமரா ஸ்டாண்டைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தேன். எது தம்பியின் அணி என்றுகூடக் கேட்கவில்லை. "ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் அவர் கடையில் இருந்தவர்களிடம் கத்துவது கேட்டது. எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி அழைத்தார். தம்பியிடம் பேசிவிட்டிருந்தார். தோற்றிருந்தார்கள். அவர் திட்டவில்லை. "நீங்க பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். எனக்கு வாழ்க்கையில் விழுந்த திட்டுகளில் ஒன்றுகூட இப்படி உள்ளே போனதில்லை.

அன்றிலிருந்து மூலையில் நிற்கும் எண்ணை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். மைதானத்தில் வந்து உட்காருகிறவர்கள் நாற்பது ஐம்பது பேர், பெரும்பாலும் வகுப்புத் தோழர்கள். அம்மா குவைத்தில் இருப்பார், அப்பா தோஹா தொழில்பேட்டையில் இருப்பார், அண்ணன் ரியாத்தில், மாமா பெரம்பலூரில். அவர்களுக்கு விசா எடுத்து, லீவு கேட்டு, டிக்கெட் போட்டு ஒரு கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க வரமுடியுமா? எந்த டிவியும் இந்த ஆட்டங்களுக்கு வராது. இனிமேலும் வராது. அவர்கள் பிள்ளை ஓடுவதைப் பார்க்க இருக்கும் ஒரே இடம் நாம் போடும் அந்த லிங்க்தான். எதிர்காலம் எதிர்காலம் என்று கூட்டங்களில் பேசுகிறார்களே, அது எனக்குத் தெரிந்து இதுதான்: எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், ஆனால் ஒவ்வொருவரும் ஆடுகிற யாருக்கோ சொந்தம்.

இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அந்தச் சனிக்கிழமை பழைய வழக்கப்படிதான் என் கை போனது.

ஜனவரி மாதம், மாலை நாலரை மணி ஆட்டம். ஷார்ஜாவைத் தாண்டி ஒரு பல்கலைக்கழக மைதானம். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து அரையிறுதி. கல்லூரிகளின் பெயர் வேண்டாம். மூன்று கேமரா. நான் மைதான ஓரத்தில் ஒரு கூடாரத்துக்குள் எந்தக் கேமராவின் படம் நேரலையில் போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் தர்ஷினி. மட்டக்களப்பில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண். ஸ்கோர் போடுவது, பார்ப்பவர்கள் சாட்டில் எழுதுவதைக் கவனிப்பது இரண்டும் அவள் வேலை.

இரண்டாம் பாதி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. பந்து எதிர்ப்பக்கம் இருந்தது. நீலச் சட்டை அணியில் பதினான்காம் எண் பையன், யாரும் இடிக்காமல், யாரும் பக்கத்தில்கூட இல்லாமல், நடந்துகொண்டிருந்தவன் முழங்கால் மடங்கி முகம் குப்புற விழுந்தான். அகலக் காட்சி எடுக்கும் கேமராவில் மட்டும்தான் அது பதிவானது. ஏதோ சுளுக்கு என்று நினைத்து இரண்டாம் கேமராக்காரரிடம் "கிட்டே போ" என்றேன். அவர் போனார். அந்தப் படத்துக்கு மாற்றி நேரலையில் போட்டேன்.

திரை நிறைய அந்தப் பையனின் கால். அது வெட்டி வெட்டி இழுத்தது.

மூன்று விநாடி. அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கல்லூரிச் சின்னம் போட்ட நிலைப்படத்துக்கு மாற்றினேன். சேனலில் என்னை வேலை வாங்கிய எகிப்திய டைரக்டர் போட்ட சட்டம் அது: விழுந்தவன் எழாவிட்டால் படத்தை எடுத்துவிடு, அவன் அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். இருபது வருடம் அதைக் கடைப்பிடித்திருக்கிறேன். அன்றைக்கு மூன்று விநாடி தாமதித்தேன். அந்த மூன்று விநாடி என் பிழை. ஒரு பையன் ஏன் விழுந்தான் என்று தெரியாதபோது கிட்டே போய் எடுக்கலாம், ஆனால் அதை நேரலையில் போடக்கூடாது. நான் போட்டேன்.

வாக்கி டாக்கியில், எங்களை வேலைக்கு அழைத்த கல்லூரியின் விளையாட்டு அதிகாரி குரல் வந்தது. "அப்படியே வையுங்கள். எதுவும் எழுத வேண்டாம், எதுவும் சொல்ல வேண்டாம்." அவரும் பயந்திருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை.

நேரலையில் போகாவிட்டாலும் மூன்று கேமராவின் படமும் என் முன்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயிற்சியாளர் பையனைப் புரட்டிப் போட்டார். சிவப்புப் பையோடு ஒருவர் ஓடிவந்தார். நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார்கள். மூலையில் இருந்த எண் எழுபதிலிருந்து நூறு, நூற்றைம்பது என்று ஏறியது. யார் யாரோ லிங்க்கை யார் யாருக்கோ அனுப்புகிறார்கள்.

தர்ஷினி என் கையைத் தொட்டாள். "அண்ணை, இஞ்ச பாருங்கோ."

சாட்டில் ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். முதலில் ஆங்கிலத்தில், பதினான்காம் எண்ணுக்கு என்ன ஆயிற்று என்று. பிறகு தமிழில்.

எழுந்துட்டானா?

யாராவது சொல்லுங்க சார்.

அவன் என் பையன்.

அதற்குக் கீழே, சற்று இடைவெளி விட்டு:

அந்தப் பாட்டையாவது நிறுத்துங்க.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிலைப்படத்தோடு கல்லூரியின் விளம்பரப் பாட்டு ஒன்று இணைந்திருந்தது. கைதட்டலும் டிரம்ஸும் உற்சாகமான குரல்களுமாகத் திரும்பத் திரும்ப ஓடும். நான் ஹெட்செட்டில் வாக்கி டாக்கியைக் கேட்டுக்கொண்டிருந்ததால் என் காதில் அது விழவே இல்லை. மகன் விழுந்ததைப் பார்த்த ஒரு மனிதரின் காதில் நான்கு நிமிடமாக அதுதான் விழுந்துகொண்டிருந்தது. ஒலியை அணைத்தேன்.

படத்தைத் திரும்பப் போட முடியாது. நூற்றைம்பது பேரில் பாதிப்பேர் திரையைப் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் மறைத்து வைத்தால் யாரிடமிருந்து மறைக்கிறேன்? வேடிக்கை பார்க்க வந்தவனிடமிருந்தும் பெற்றவரிடமிருந்தும் ஒரே திரையால் மறைக்கிறேன். டிவியில் அந்தச் சட்டம் சரி. அங்கே பார்க்கிறவர்களில் அம்மா ஒருத்தி. இங்கே அப்படியில்லை.

"என் நம்பரைத் திரையில் போடு. ஆட்டக்காரருக்குச் சிகிச்சை நடக்கிறது, குடும்பத்தார் அழைக்கவும்னு போடு" என்றேன்.

"நம்பரைப் போட்டா எல்லாரும் அடிப்பினம் அண்ணை. அவையள் ஒண்டும் எழுத வேண்டாமெண்டு சொன்னவையெல்லே?"

"சொன்னாங்க. நீ போடு. கேட்டா நான் போட்டேன்னு சொல்லு."

அவள் சொன்னபடியே ஆயிற்று. முதலில் அழைத்தவன் எவனோ, செத்துட்டானா என்று கேட்டான். இரண்டாவது ஒரு பெண் குரல், அழுகை மட்டும். வகுப்புத் தோழியாக இருக்கலாம். மூன்றாவது குவைத் நம்பர்.

"சார், நான் செல்வராசு. குவைத்ல ஸ்டோர்கீப்பரா இருக்கேன். அவன் என் பையன் சார்."

"பையன் முழுப் பேரு சொல்லுங்க."

"செல்வராசு நவீன்குமார்."

அணிப் பட்டியலில் அப்படியே இருந்தது. "நான் சாகுல். இங்க படம் காட்டுற ஆள். ஊரு கீழக்கரை" என்றேன். ஊரை எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிடித்துக்கொள்ள அவருக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியது.

"மூச்சு இருக்கா பாய்?"

இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. எவ்வளவு சுலபம் அது. "எனக்குத் தெரியல" என்றேன். "நெஞ்சை அமுக்கிட்டிருக்காங்க. நிறுத்தாம பண்றாங்க. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு. நான் கண்ணால பார்க்கிறதை மட்டும்தான் உங்களுக்குச் சொல்வேன்."

பிறகு, "எனக்குக் காட்டுங்க பாய்" என்றார்.

இதுதான் அந்த இடம். நாற்பது வருட வேலையில் இதைவிடக் கனமான ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. காட்ட முடியும். ஒரு கேமராவை மட்டும் தனி லிங்க்கில் அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகாது. காட்டி, அந்தப் பையன் அவர் கண்முன்னாலேயே போய்விட்டால்? காட்டாமல் விட்டு, போய்விட்டால்?

"உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"பாகிஸ்தானி டிரைவர் ஒருத்தர் இருக்கார்."

"அவரைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வச்சுக்கங்க. உட்கார்ந்த பிறகு காட்டுறேன்."

ஏதோ இழுபடும் சத்தம், "பைட்டோ பாய், பைட்டோ" என்று அவரை உட்காரச் சொல்லும் ஒரு கனத்த குரல். நான் தர்ஷினியிடம் சொன்னேன்: அவருக்குத் தனி லிங்க், அகலக் கேமரா மட்டும், கிட்டத்துக் காட்சி கிடையாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே செய்தாள்.

உங்களுக்குத் தெரியும், நேரலை என்று சொன்னாலும் பார்ப்பவருக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும். எங்கள் இணைப்பில் அன்று பதினைந்து விநாடி. போனில் அவர் குரல் உடனே வருகிறது, படம் அவருக்குப் பதினைந்து விநாடி கழித்துப் போகிறது. அதாவது அவருடைய மகனுக்கு நடக்கும் ஒவ்வொன்றும் எனக்கு முதலில் தெரிகிறது. அந்த இடைவெளியில் உட்கார்ந்திருப்பது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்கள். சட்டையைக் கத்தரித்தார்கள். எல்லோரும் கையை எடுத்தார்கள். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. நான் பார்த்துவிட்டேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.

"செல்வராசு அண்ணே, இப்ப ஒரு மெஷின் வைப்பாங்க. கரண்ட் கொடுத்து இதயத்தை எழுப்புறதுக்கு. உடம்பு தூக்கிப் போடும். அது வைத்தியம்தான். பயந்துடாதீங்க."

"சரி பாய்."

காத்திருந்தேன். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "சாஸ் லோ பாய், சாஸ் லோ" என்று டிரைவர் சொன்னது கேட்டது, மூச்சு விடு என்று.

அதன்பிறகு எல்லாவற்றையும் அப்படித்தான் சொன்னேன். இப்ப மறுபடி அமுக்குவாங்க. இப்ப ஆம்புலன்ஸ் உள்ள வரும், இடது பக்கத்திலிருந்து. இப்ப ஸ்ட்ரெச்சர்ல தூக்குவாங்க. வருவது தெரிந்து பார்த்தால் கொஞ்சமாவது தாங்குவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மஞ்சச் சட்டை போட்டுச் சுத்தி நிக்கிறாங்களே, யாரு அவங்க?"

"எதிர் டீம் பசங்க. யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு முதுகைக் காட்டி மறைச்சு நிக்கிறாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றார்.

தர்ஷினி ஓடிப்போய் எந்த மருத்துவமனை என்று கேட்டு வந்தாள். அவரிடம் சொன்னேன். படத்தை நிறுத்தினேன். ஆட்டம் கைவிடப்பட்டது என்று திரையில் எழுதிவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் காரை எடுத்தேன்.

நவீன்குமார் மறுநாள் மதியம் இறந்துபோனான். பிறவியிலேயே இதயத்தில் இருந்த கோளாறு, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றார்கள். விசா கிடைத்து அப்பாவும் அம்மாவும் வந்து சேரத் திங்கட்கிழமை மாலை ஆகிவிட்டது.

செல்வராசு அண்ணன் என்னைவிட உயரம், தோள் குனிந்த மனிதர். மருத்துவமனை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க காட்டலைன்னா அவன் தனியாக் கிடந்தான்னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்பேன் பாய். அத்தனை பேர் சுத்தி இருந்தாங்க. அதை நான் பார்த்துட்டேன்" என்றார்.

அவர் மனைவி குவைத்தின் அப்பாசியாவில் ஒரு இந்தியப் பள்ளியில் ஆசிரியை. அவர் என்னிடம் வேறொன்று கேட்டார். யாரோ உறவுக்காரர் அவருடைய போனுக்கு அந்த மூன்று விநாடிப் படத்தை அனுப்பியிருந்தார்.

"இதைக் காட்டினது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"இவர் இனிமே தூங்க மாட்டார். அதுவும் நீங்க காட்டினதுதான்."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எது அதிக உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே தந்தை கேட்டால் காட்டிவிடுங்கள் என்று உங்களுக்கு நான் விதி எழுதித் தரமாட்டேன். சிலதை மட்டும் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வோர் ஆட்டக்காரரின் வீட்டு நம்பரையும் வாங்கி வையுங்கள். அசம்பாவிதம் என்றால் அந்த வீட்டோடு பேச ஓர் ஆளை ஒதுக்குங்கள், அவருக்கு வேறு வேலை தராதீர்கள். நிலைப்படத்துக்குப் பாட்டு வைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அந்தக் கல்லூரியின் மீதி ஆட்டங்கள் நமக்கு வரவில்லை. சொன்னதை மீறினேன், அதனால் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஊருக்குப் போகும் முன் செல்வராசு அண்ணன் ஒன்று கேட்டார். விழுவதற்கு முன்னால் அன்றைக்கு அவன் ஆடியது வேண்டும் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து, நேரலையில் போகாத படங்களையும் சேர்த்து, மூன்று கேமராவிலும் பதினான்காம் எண் தெரிகிற இடங்களை எல்லாம் எடுத்துக் கோத்தேன். நாற்பது நிமிடம் வந்தது. தண்ணீர் குடிக்கிறான், முட்டியைச் சொறிகிறான், நடுவரிடம் வாதாடுகிறான். அனுப்பிவிட்டேன். கிடைத்தது என்று அவர் ஒரு வரி எழுதினார்.

ஒரு வருடம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நேற்றுத்தான் பார்த்தேன் என்றார். குரலில் கோபம் இல்லை.

"அதுல ஒரு இடத்துல கோட்டுக்கு வெளிய நின்னு பந்தைக் கையில வச்சிருக்கான். எதிர்ல ஒரு மஞ்சச் சட்டைப் பையன். ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிக்கிறாங்க. அந்தப் பையன் யாருன்னு தெரியுமா?"

அணிப் பட்டியலை எடுத்துத் தேடினேன். படிப்பு முடித்து மஸ்கட்டில் வேலைக்குப் போயிருந்தான், கொல்லத்துக்காரப் பையன். விஷயத்தைச் சொன்னதும் உடனே ஞாபகப்படுத்திக்கொண்டான். அவனுடைய ஷூ லேஸ் அவிழ்ந்திருந்ததாம். நவீன் பந்தை எறியாமல் நின்றிருக்கிறான். "மொதல்ல அதைக் கட்டு. நீ தடுக்கி விழுந்து நாங்க கோல் போட்டா, அந்த கோல் எனக்கு வேணாம்" என்று சொன்னானாம், அதைக் கேட்டு இவன் சிரித்துவிட்டானாம். நடுவர் நேரம் கடத்துகிறாய் என்று நவீனைத்தான் எச்சரித்தாராம்.

அந்த அம்மாவை அழைத்து, அவன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பையனின் நம்பரையும் கொடுத்தேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்தில் இருந்த கணவரிடம் சொல்கிறார் என்று நினைக்கிறேன், போனைச் சற்று விலக்கிவைத்துக்கொண்டு சொன்னார்:

"கேட்டீங்களா? நம்ம பையன்தான் சிரிக்க வச்சிருக்கான்."